எந்த ஸ்டேஷனுக்குப் போறது?

ஓசூரில் நாங்கள் லைன் வீட்டில் குடியிருந்தபோது பக்கத்துப் போர்ஷன் அக்கா ஒருநாள் விடியற்காலை வந்து அம்மாவிடம் கேட்டாள்: "எந்த ஸ்டேஷனுக்கும்மா போறது?" கன்னம் வீங்கியிருந்தது. 1990களின் கடைசி அது. அவள் பேசுவது தெலுங்கு, புகுந்த வீடு ஆனேக்கல், வேலை சிப்காட்டில். அடித்தவன் அவளுடைய சொந்தத் தாய்மாமன்.

கிருஷ்ணகிரிப் பக்கம் இது புதிதில்லை. தாய்மாமனைக் கட்டினால் பாட்டியே மாமியார். கோபித்துக்கொண்டு தாய்வீடு போனால் அங்கே அம்மா சொல்வாள், "என் தம்பிதானே, பொறுத்துக்கோ." வெளியேறும் கதவும் அடைத்த கதவும் ஒன்றுதான்.

சட்டம் இல்லாமல் இல்லை. கணவன் வீட்டார் கொடுமைக்கான 498ஏ பிரிவு 1983லேயே வந்துவிட்டது. நாட்டின் முதல் மகளிர் காவல் நிலையம் 1973ல் கோழிக்கோட்டில் திறந்தது. தமிழ்நாட்டில் 1992ல், சென்னை ஆயிரம்விளக்கில். ஆனால் அக்கா போன ஸ்டேஷனில், அடி விழுந்தது ஆனேக்கல்லில் என்பதால் அங்கே போகச் சொன்னார்கள். மாநில எல்லைக் கோடு அவள் முதுகின் மேலேயே ஓடியது. வெளியே மனு எழுதிக் கொடுத்தவர் எழுதியதை அம்மா வாங்கிப் படித்தாள். "சிறு குடும்பத் தகராறு" என்றிருந்தது. தமிழ் படிக்கத் தெரியாத அக்கா அதில் ரேகை வைத்திருந்தாள்.

அமெரிக்கக் கருப்பினச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1991ல் எழுதிய கட்டுரையைப் படித்தபோது இந்த மனுதான் நினைவுக்கு வந்தது. ஆங்கிலம் தெரியாது என்பதற்காகக் காப்பகத்தில் சேர்க்கப்படாத ஒரு பெண் அதில் வருகிறாள். போலீஸ் தங்கள் ஆண்களை என்ன செய்யும் என்று தெரிந்ததால் புகார் கொடுக்கத் தயங்கும் கருப்பினப் பெண்களும் வருகிறார்கள். நம் ஊரிலும் அந்தத் தயக்கத்தைப் புரிந்துகொண்டவர்கள் உண்டு. புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் முஸ்லிம் பெண்களுக்கென்றே ஒரு ஜமாத்தை உருவாக்கினார். ஆண்கள் ஜமாத்தில் அவளில்லாமலே அவள் வழக்கு முடிந்துவிடும் என்பதுதான் காரணம். பெண்கள் இருக்கும் இடத்தில் உட்கார்ந்து பேசுவது வேறு, போலீஸ்காரர் முன் நின்று பேசுவது வேறு.

அக்கா அன்று கேட்டது ஒன்றுதான். "மாமாவ ஜெயில்ல போடவேணாம்மா, அடிக்காம இருந்தாப் போதும்." அப்போதைய சட்டத்தில் அதற்கு இடம் குறைவு. 2005ல் இயற்றி 2006 அக்டோபர் 26 முதல் நடப்புக்கு வந்த குடும்ப வன்முறைச் சட்டம்தான் அந்த இடத்தைத் திறந்தது: முதலில் பாதுகாப்பு உத்தரவு, வீட்டில் இருக்கும் உரிமை, செலவுக்குப் பணம். உத்தரவை மீறினால்தான் சிறை. எனக்குப் பிடித்தது 27ஆம் பிரிவு. பாதிக்கப்பட்டவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ வழக்குப் போடலாம். உத்தரவு இந்தியா முழுக்கச் செல்லும். 498ஏ வழக்குக்கும், அடைக்கலம் தேடிப்போன ஊரிலேயே புகார் தரலாம் என்று 2019ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஜூஜூவாடி செக்போஸ்ட் இனி சாக்கு ஆகாது, ஏட்டளவிலாவது. மனு எந்த மொழியில் என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

போன வருஷம் அக்காவை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். இதையெல்லாம் சொன்னேன். அவள் மகளையும் சொந்தத்தில்தான் கொடுத்திருக்கிறாள். பொறுமையாகக் கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி, "நோட்டீஸ் என் அம்மா வீட்டுக்கும் வருமா?" என்றாள்.