தாத்தாவின் தந்தியும் 77 பிட்டும்

இந்த எபிசோடு என் தாத்தா கேட்ட ஒரு கேள்வியில ஆரம்பிச்சது. அம்மாவோட அப்பா. தந்தி ஆபீஸ்ல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், இப்போ திருநெல்வேலியில எங்க வீட்டுல இருக்கார்.

என்கிட்ட ஹாம் ரேடியோ லைசென்ஸ் இருக்குன்னு ரெகுலரா கேக்குறவங்களுக்குத் தெரியும். சென்னையில நான் வாடகைக்கு இருக்குற அபார்ட்மென்ட்ல மொட்டைமாடியில ஆன்டெனா கட்ட விடமாட்டாங்க. அதனால ஆன்டெனா, ரேடியோ எல்லாம் ஊர்ல, வீட்டு மாடியில. ரேடியோவிலிருந்து ஒரு யுஎஸ்பி கேபிள், அதுக்கு அந்தப் பக்கம் கையகலத்துக்கு ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர். சென்னையிலிருந்து அதுக்குள்ள லாகின் பண்ணி கேட்டுக்கிட்டிருப்பேன். தூரத்திலிருந்து கேக்குறது மட்டும்தான். அனுப்புறதெல்லாம் ஊருக்குப் போகும்போது, ரேடியோ பக்கத்துலேயே உட்கார்ந்து.

பொங்கலுக்குப் போயிருந்தப்போ தாத்தாவும் மாடிக்கு வந்து சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திரையில எஃப்டி8 ஓடிக்கிட்டிருந்தது. 15 செகண்டுக்கு ஒரு தடவை வரிவரியா வந்து விழும்: ஜப்பான், ரஷ்யா, இத்தாலி. ஒரு இத்தாலிக்காரர் வரியை கிளிக் பண்ணேன். ஒன்றரை நிமிஷத்துல முடிஞ்சுது. "இத்தாலி கூட பேசியாச்சு தாத்தா."

"ஏலே, நீ எங்க பேசுன? அதுவால்லா பேசிக்கிடுது!"

சிரிச்சுட்டேன். ஆனா அந்தக் கேள்வி உள்ள தங்கிருச்சு. உலகம் முழுக்க ஹாம்கள் எஃப்டி8 பத்தி போடுற சண்டையே இதுதான். இது எங்கிருந்து வந்துச்சுன்னு பார்த்தா, கதை ரேடியோ ஷாக்குல ஆரம்பிக்கல. வானியல்ல ஆரம்பிக்குது.

அமெரிக்காவுல நியூஜெர்சி மாநிலத்துல ஒரு பண்ணை வீடு. 1950-கள்ல அங்க அண்ணன் தம்பி ரெண்டு பேர் மூணாவது மாடி முழுக்க ரேடியோ சாமான்களை நிரப்பி வச்சிருந்தாங்க. கூரைக்கு மேல சுத்துற ஆன்டெனா வேற. அதுல ஒரு தடவை வீட்டோட செங்கல் புகைபோக்கியே உடைஞ்சு விழுந்திருக்கு. அப்பா அம்மா முகம் எப்படி இருந்திருக்கும்னு எனக்கு நல்லாவே தெரியும். அந்தப் பசங்கள்ல ஒருத்தர் ஜோசஃப் டெய்லர். 1974-ல மாணவர் ரஸ்ஸல் ஹல்ஸோட சேர்ந்து, புவேர்ட்டோ ரிக்கோவில் இருந்த அரெசிபோ தொலைநோக்கி மூலமா ஒரு இரட்டைப் பல்சரைக் கண்டுபிடிச்சார். அதுக்காக ரெண்டு பேருக்கும் 1993-ல இயற்பியல் நோபல் பரிசு கிடைச்சது.

பல்சர்ங்கறது கடிகாரம் மாதிரி துடிக்கிற நட்சத்திரம். டெய்லர் கண்டுபிடிச்சது 59 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை சுத்துது. ஒரு துடிப்பை மட்டும் தனியா எடுத்தா இரைச்சல்ல காணாமப் போயிரும். ஆனா அடுத்த துடிப்பு எப்போ வரும்னு தெரிஞ்சா, ஆயிரக்கணக்கான துடிப்புகளை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கலாம். இரைச்சல் தாறுமாறா இருக்குறதால அமுங்கிப் போகும், சிக்னல் மேல எழும்பும்.

இப்போ நிலாவுக்கு வருவோம். 1946 ஜனவரி 10-ம் தேதி, அமெரிக்க ராணுவத்தோட புராஜெக்ட் டயானா குழு நிலாவை நோக்கி ரேடார் அலையை அனுப்பிச்சு. ரெண்டரை செகண்டுல எதிரொலி திரும்பி வந்தது. 1960-ல ஹாம்களும் நிலா வழியா பேசிட்டாங்க. ஆனா போய்ட்டு வர்றது சுமார் 7.7 லட்சம் கிலோமீட்டர். பெரிய ஆன்டெனாவும் நிறைய பவரும் இருக்குறவங்களுக்குத்தான் அது சாத்தியம்.

டெய்லர் 2001-ல டபிள்யூஎஸ்ஜேடி-ன்னு ஒரு சாஃப்ட்வேர் வெளியிட்டார். சாதாரண கம்ப்யூட்டரோட சவுண்ட் கார்டு இருந்தாலே ஓடும். முதல்ல எரிகல் தடத்துல பட்டுத் தெறிக்கிற சிக்னலுக்கு. 2003-ல நிலாவுக்காக ஜேடி65. சின்னச் செய்தியை ஒரு நிமிஷம் இழுத்து அனுப்பும். நடுத்தர ஆன்டெனா வச்சிருந்தவங்களும் நிலா வரைக்கும் போனாங்க. 2017-ல ஸ்டீவ் ஃப்ராங்க்கும் டெய்லரும் சேர்ந்து அதையே 15 செகண்டுக்குச் சுருக்கினதுதான் எஃப்டி8. வானம் திறக்குறது சில நிமிஷம்தான்னா, அதுக்குள்ள பேசி முடிக்கணும்ல?

எஃப்டி8-ல ஒரு செய்தி 77 பிட் மட்டுமே. சாதாரணமா டைப் பண்ணா ஒரு எழுத்துக்கு 8 பிட். ரெண்டு அழைப்புக்குறி, ஒரு இடக்குறி, இடைவெளி எல்லாம் சேர்த்து 18 எழுத்து, 144 பிட் ஆயிரும். இங்க அழைப்புக்குறிக்கு 28 பிட், இடக்குறிக்கு 15 பிட். என்ன பேசுவோம்னு முன்கூட்டியே ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்டதால இது முடியுது. மிச்சம் பிடிச்சதை பிழை திருத்தத்துக்குப் போட்டு 174 பிட்டா அனுப்புறாங்க. இரைச்சல் சிக்னலைவிட 100 மடங்கு பெருசா இருந்தாலும் எழுத்து வந்துரும்.

ஒத்துக்க வேண்டிய இன்னொண்ணு நேரம். எல்லார் கடிகாரமும் ஒரு செகண்டுக்குள்ள ஒத்துப்போகணும். இதை நான் பட்டுத்தான் கத்துக்கிட்டேன். ஒரு நாள் ராத்திரி சென்னையிலிருந்து லாகின் பண்ணா, திரை முழுக்க சிக்னல் கோடுகள். ஆனா ஒரு வரிகூட டிகோட் ஆகல. கேபிள், ஆடியோ லெவல்னு ஒரு மணி நேரம் நோண்டினேன். கடைசியில அப்பாவுக்கு போன் பண்ணா, "சாயங்காலம் கரண்ட் போயிட்டு வந்துச்சுப்பா"ன்னார். அந்தக் குட்டிக் கம்ப்யூட்டருக்குள்ள பேட்டரி கடிகாரம் கிடையாது. பூட் ஆகும்போது ஒரே ஒரு தடவை நேரம் கேக்குற மாதிரி ஸ்கிரிப்ட் எழுதி வச்சது நான்தான். அப்போ ரௌட்டர் இன்னும் எழுந்திருக்கல. சிக்னல் பூரா வந்துக்கிட்டேதான் இருந்தது, எப்போ கேக்கணும்னுதான் அதுக்குத் தெரியல.

சரி, தாத்தா கேள்விக்கு வருவோம். நியாயமான கேள்விதான். 1998-ல பீட்டர் மார்ட்டினஸ்ங்கற இங்கிலாந்து ஹாம் பிஎஸ்கே31 கொண்டு வந்தார். அதுவும் சவுண்ட் கார்டுதான், ஆனா டைப் பண்ற வேகத்துல உரையாடலாம். ஊர்ல மழையா, பிள்ளைங்க எப்படின்னு கேக்கலாம். எஃப்டி8-ல அதெல்லாம் கிடையாது. உன் பேர் கேட்டுச்சு, இந்த அளவுக்குக் கேட்டுச்சு, வணக்கம். அவ்ளோதான். பழைய ஹாம்கள் கோபப்படுறதுல தப்பில்ல.

இதையெல்லாம் தாத்தாகிட்ட சொன்னேன். 77 பிட் கதையைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது எங்ககிட்ட இருந்ததுதானல. கல்யாண வாழ்த்து, தீபாவளி வாழ்த்து எல்லாத்துக்கும் நம்பர் உண்டு. நம்பரை மட்டும் அடிப்போம். அந்தப் பக்கம் இருக்குறவன் முழு வாக்கியமா எழுதிக் கொடுத்துருவான்." வாங்குறவங்க அதைப் படிச்சு அழுதிருக்காங்கன்னும் சொன்னார். அங்க வாக்கியம் யாருடையதுன்னு யாரும் கேக்கல. நம்மளை நினைச்சு ஒருத்தர் காசு கட்டி அனுப்பியிருக்கார்ங்கறதுதான் செய்தி. இந்தியாவுல தந்தி சேவை 2013 ஜூலையில நின்னுபோச்சு. அந்த நம்பர்களை இன்னும் மனப்பாடமா சொல்றார்.

"அப்ப இத்தாலிக்காரன்கிட்ட மழையான்னு கேக்கவே முடியாதோ?"

ஒரு வழி இருக்கு. எஃப்டி8-ல 13 எழுத்துக்குள்ள சொந்தமா டைப் பண்ணலாம், யாரும் பண்றதில்ல. அடுத்து வந்த ஒரு ஜப்பான்காரர்கிட்ட, வழக்கமான வரிகள் முடிஞ்சதும், "ரெயின் தேர்?"னு அனுப்பினேன். கேள்விக்குறி வரைக்கும் 11 எழுத்து. ரெண்டு பேரும் திரையையே பார்த்துக்கிட்டிருந்தோம்.

15 செகண்டுல பதில் வந்தது: 73.

"என்னல சொல்லுதான்?"

73-ன்னா ஹாம் பாஷையில அன்பு வணக்கம். 19-ம் நூற்றாண்டுல அமெரிக்கத் தந்தி ஆபரேட்டர்கள் வச்சுக்கிட்ட நம்பர் அது, அங்கிருந்துதான் ரேடியோவுக்கு வந்தது. அதைச் சொன்னதும் தாத்தா ரொம்ப நேரம் சிரிச்சார். "தந்திக்காரன் நம்பர்லா அது! சரி, பதிலுக்குப் போடு."

போட்டேன். மழையான்னு கடைசி வரை தெரியல.

அடுத்த எபிசோடுல பார்ப்போம். 73.