பெனியும் 80 வீதமும்



போன கிழமை பெற்றோர் கூட்டத்தில் ஓர் உம்மா கேட்டார்: "சேர், மகன் ஃபோன்ல கணக்குச் செய்றார், எல்லாத்துக்கும் பச்ச சரிதான் விழுது. டியூஷன நிப்பாட்டவா?" அவசரத்தில் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தப் பதில் எனக்கே திருப்தியில்லை. அதனால்தான் இந்தப் பழைய கதை.

பிள்ளையின் வேகத்துக்கு ஏற்பக் கணக்குக் கொடுப்பது ஃபோனோடு வந்த யோசனையல்ல. 1964 இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தார் ஓக்லீஃப் என்ற பாடசாலையில் ஒரு முறையைத் தொடங்கினார்கள். முதலில் ஒரு சோதனை. பிறகு அந்தப் பிள்ளைக்குரிய பயிற்சித் தாள். தானே செய்ய வேண்டும். விடைத்தாளோடு ஒப்பிட்டுத் திருத்துவார்கள். 80 வீதம் எடுத்தால் அடுத்த படி. இன்றைய செயலிகள் செய்வதும் ஏறக்குறைய இதுதான், தாளுக்குப் பதிலாகத் திரை.

1973 இல் எர்ல்வாங்கர் என்ற ஆய்வாளர், இம்முறையில் படித்த ஒரு 12 வயதுப் பையனைப் பற்றி எழுதினார். கட்டுரையில் அவன் பெயர் பெனி. நான்கு வருடமாக இப்படித்தான் கணிதம் படித்தவன், ஆசிரியையின் கணிப்பில் நல்ல மாணவன். எர்ல்வாங்கர் பக்கத்தில் அமர்ந்து "எப்படிச் செய்தாய்?" என்று கேட்கத்தான் விஷயம் வெளியே வந்தது. 2/10 ஐத் தசமமாக்கினால் 1.2 என்றான். 2 உம் 10 உம் சேர்ந்தால் 12, நடுவில் ஒரு புள்ளி! 0.3 உம் 0.4 உம் கூட்டினால் 0.07 என்றான். இரண்டு எண்களிலும் புள்ளி இருப்பதால் விடையில் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வர வேண்டுமாம். தடுமாறவேயில்லை, விதி சொல்லியே விளக்கினான். சரியான விடையை வேறு வடிவில் எழுதினாலும் பிழை போடப்பட்டதால், கணிதம் என்பது விடைத்தாளில் உள்ளதை ஊகிப்பது என்றே நினைத்திருந்தான்.

தாளில் குறையில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் நான்கு வருடம் அவனிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லையே, அதுதான் எனக்குப் பெரிய குறை. எனக்கும் இதில் பங்குண்டு. நிகழ்நிலை வகுப்புக் காலத்தில் புள்ளிப் பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த அலகுக்குப் போயிருக்கிறேன். பாடசாலை திறந்த பிறகு தரம் 7 இல் பின்னங்களை மீண்டும் தொடக்கத்திலிருந்து எடுக்க வேண்டி வந்தது.

இப்போது ஒவ்வொரு வியாழனும் இரண்டு பிள்ளைகளைக் கூப்பிட்டு, செயலி சரி போட்ட கணக்கொன்றைக் கரும்பலகையில் விளக்கச் சொல்கிறேன்.

அந்த உம்மாவுக்கு: டியூஷன் உங்கள் விருப்பம். இன்றிரவு மகன் சரியாகச் செய்த ஒரு கணக்கை எடுத்து, "இது எப்படி வந்த மகன்?" என்று கேளுங்கள். உங்களுக்குக் கணக்குத் தெரியாவிட்டால் பரவாயில்லை. அவர் சொல்வதை அப்படியே கொப்பியில் எழுதி அனுப்புங்கள், நான் பார்க்கிறேன்.