போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்படுதல்

போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்படுதல் என்பது ஒரு தேர்தலில் ஓர் இடத்திற்கு ஒரே ஒரு வேட்பாளர் மட்டும் எஞ்சும்போது, வாக்குப்பதிவு நடத்தாமலேயே அவர் வெற்றி பெற்றதாக அறிவிக்கப்படும் முறையாகும். தமிழக ஊர்ப்புறங்களில் இது பேச்சுவழக்கில் அன்னப்போஸ்ட் எனப்படுகிறது. சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களில் அரிதான இது, உள்ளாட்சித் தேர்தல்களில் பரவலாக நிகழ்கிறது. அவ்வேட்பாளரை, குறிப்பாக ஏற்கனவே பதவியில் இருந்து மீண்டும் நிற்பவரை, விரும்பாத வாக்காளர் தமது எதிர்ப்பை வாக்கின் மூலம் பதிவு செய்ய இம்முறையில் இடமில்லை.

நடைமுறை

தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தல்களை மாநிலத் தேர்தல் ஆணையம் நடத்துகிறது. வேட்புமனுக்கள் பெறப்பட்டுப் பரிசீலிக்கப்பட்ட பின், மனுவைத் திரும்பப் பெறுவதற்கான கெடு முடியும்போது ஒருவரே களத்தில் இருந்தால், அவர் தேர்ந்தெடுக்கப்பட்டதாகத் தேர்தல் நடத்தும் அலுவலர் அறிவிப்பார். ஒருவர்கூட மனு செய்யாவிடில் இடம் காலியாக இருக்கும். அதற்குப் பின்னர் மீண்டும் தேர்தல் அறிவிக்கப்படும். சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களுக்கு இதே விதி மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951-இன் 53ஆம் பிரிவில் உள்ளது.

2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் 18,570 பேர் போட்டியின்றித் தேர்வாயினர். இவர்களுள் 410 பேர் ஊராட்சித் தலைவர்கள். பெரும்பாலோர் ஊராட்சி வார்டு உறுப்பினர்கள். 2022 பெப்ரவரியில் நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் 218 பேர் இவ்வாறு தேர்வாயினர்.

பேரூராட்சியும் ஊராட்சியும்

போட்டியின்மையின் விளைவு உள்ளாட்சி அமைப்பின் வகையைப் பொறுத்து மாறுபடுகிறது. நாகப்பட்டினம் மாவட்டத்திலுள்ள வேளாங்கண்ணி ஒரு பேரூராட்சி ஆகும். 2022 தேர்தலில் பேரூராட்சி வாக்காளருக்கு இருந்தது ஒரே வாக்கு; அது வார்டு உறுப்பினருக்கானது. தலைவரை உறுப்பினர்களே தம்முள் தேர்ந்தெடுத்தனர். இத்தகைய அமைப்பில் ஒரு வார்டில் போட்டி இல்லையெனில், அவ்வார்டு மக்கள் அத்தேர்தலில் வாக்களிக்கவே இயலாது. தலைவர் தேர்விலும் அவர்களுக்கு மறைமுகப் பங்குகூட இராது.

சிற்றூராட்சிகளில் நிலைமை வேறு. அங்கு வாக்காளருக்கு நான்கு வாக்குகள் உண்டு: ஊராட்சி வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஊராட்சி ஒன்றிய வார்டு உறுப்பினர், மாவட்ட ஊராட்சி வார்டு உறுப்பினர். தலைவர் பதவிக்குப் போட்டி இல்லாவிடில் அதற்குரிய இளஞ்சிவப்பு வாக்குச்சீட்டு மட்டும் வழங்கப்படாது. ஏனைய பதவிகளுக்கான வாக்குப்பதிவு வழக்கம்போல் நடைபெறும்.

இணக்கமும் வற்புறுத்தலும்

ஊர்க்கூட்டத்தில் பேசி ஒருவரைத் தேர்ந்தெடுப்பதால் செலவும் பகையும் தவிர்க்கப்படுகின்றன என்பது இம்முறையை ஆதரிப்போர் கருத்து. குசராத்து அரசு 2001 முதல் சமரஸ் திட்டத்தின்கீழ் போட்டியின்றித் தேர்வாகும் ஊராட்சிகளுக்கு ஊக்கத்தொகை வழங்கியது.

ஆனால் போட்டியின்மை எப்போதும் இணக்கத்தின் அடையாளம் அன்று. மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996-இல் ஆதிதிராவிடருக்கு ஒதுக்கப்பட்டது. ஆதிக்கச் சாதியினரின் எதிர்ப்பால் பத்தாண்டுகள் எவரும் மனு செய்யாமலும், தேர்வானவர் உடனே பதவி விலகியும் அவ்விடங்கள் காலியாகவே இருந்தன. 2006 அக்டோபரில்தான் தேர்தல் முறையாக நடந்து தலைவர்கள் பொறுப்பேற்றனர்.

மேற்கு வங்காளத்தில் 2018 ஊராட்சித் தேர்தலில் 58,692 இடங்களுள் 20,159 இடங்களில் போட்டியே இல்லை. வேட்புமனு தாக்கல் செய்ய விடாமல் தடுக்கப்பட்டதாக எதிர்க்கட்சிகள் குற்றம் சாட்டின. அத்தேர்வுகளை இரத்து செய்ய மறுத்த உச்சநீதிமன்றம், பாதிக்கப்பட்டோர் தேர்தல் மனு தாக்கல் செய்யலாம் எனத் தீர்ப்பளித்தது.

எதிர்ப்பைப் பதிவு செய்தல்

தேர்தல் நடத்தை விதிகள், 1961-இன் 49-ஓ விதியின்படி, வாக்களிக்க விரும்பாதவர் அதனை வாக்குச்சாவடி அலுவலரிடம் தெரிவித்துப் பதிவேட்டில் குறிக்கச் செய்யலாம். இதில் இரகசியம் காக்கப்படவில்லை. இக்குறையை ஏற்ற உச்சநீதிமன்றம், 2013 செப்டம்பர் 27 அன்று, மேற்கண்ட எவருமில்லை (நோட்டா) என்னும் பொத்தானை அமைக்க உத்தரவிட்டது. தமிழ்நாட்டின் 2019, 2022 உள்ளாட்சித் தேர்தல்களில் நோட்டா இடம்பெறவில்லை.

2024 மக்களவைத் தேர்தல் இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகிறது. இந்தூர் தொகுதியில் காங்கிரசு வேட்பாளர் மனுவைத் திரும்பப் பெற்றுவிட, பதவியிலிருந்த பாரதிய சனதா உறுப்பினருக்கு வலுவான எதிராளி இல்லாமல் போயிற்று. சிறு வேட்பாளர்கள் களத்தில் இருந்ததால் வாக்குப்பதிவு நடந்தது; நோட்டா 2,18,674 வாக்குகளுடன் இரண்டாம் இடம் பெற்றது. சூரத் தொகுதியில் காங்கிரசு வேட்பாளரின் மனு தள்ளுபடியாகி ஏனையோரும் விலகியதால் வாக்குப்பதிவே இல்லை. அங்கு ஓர் எதிர்ப்பு வாக்குகூடப் பதிவாகவில்லை.

எனவே தற்போதைய விதிகளின்படி, எதிர்ப்பாளர் எவரேனும் தாமே மனு செய்து விலகாமல் நிற்பதே வாக்குப்பதிவை உறுதி செய்யும் வழியாகும். 2019-இல் ஊராட்சித் தலைவர் பதவிக்கான வைப்புத்தொகை 600 ரூபாய். 2022-இல் பேரூராட்சி வார்டுக்கு 1,000 ரூபாய். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு இதில் பாதி. முறைகேடு நடந்திருப்பின், ஊராட்சித் தேர்தல் முடிவை எதிர்த்து மாவட்ட நீதிமன்றத்தில் 45 நாட்களுக்குள் தேர்தல் மனு தொடுக்கலாம்.

பிற நாடுகளில்

சிங்கப்பூரிலும் போட்டியில்லாத தொகுதியில் வாக்குப்பதிவு நடப்பதில்லை. 2025 பொதுத்தேர்தலில் மரின் பரேட்-பிரேடல் ஹைட்ஸ் குழுத்தொகுதி இவ்வாறு முடிவாயிற்று.

சோவியத் ஒன்றியத்தில் ஒரே வேட்பாளர் இருந்தாலும் வாக்குப்பதிவு நடைபெற்றது; வேண்டாதவர் பெயரை வாக்குச்சீட்டில் அடித்துவிடலாம். பல்லாண்டுகள் வெறும் சடங்காக இருந்த இவ்வுரிமை, 1989 மார்ச்சு தேர்தலில் பயன்பட்டது. லெனின்கிராடு வட்டாரக் கட்சிச் செயலாளர் யூரி சொலொவியோவ், எதிர்த்து நிற்போர் எவரும் இல்லாமலேயே, பாதிக்கு மேற்பட்ட வாக்காளர்கள் பெயரை அடித்ததால் தோல்வியுற்றார்.

சீர்திருத்த முயற்சிகள்

மகாராட்டிரம், அரியானா மாநிலத் தேர்தல் ஆணையங்கள் 2018-இல், நோட்டா மிகுதியான வாக்குகள் பெற்றால் மறுதேர்தல் நடத்த உத்தரவிட்டன. 53ஆம் பிரிவை எதிர்த்து 2024-இல் உச்சநீதிமன்றத்தில் வழக்கு தொடரப்பட்டது. 2025 ஏப்ரலில் இதனை விசாரித்த நீதிமன்றம், ஒரே வேட்பாளர் இருந்தாலும் அவர் குறைந்தபட்ச வாக்குகள் பெற வேண்டும் என விதிக்கலாமா என்பதை ஆராயுமாறு நடுவண் அரசிடம் கூறியது.

இவற்றையும் பார்க்க

நோட்டா
தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம்
குடவோலை முறை