லாகூர் வழக்கின் முதல் வாசல்

பகத்சிங்கைத் தூக்குமேடையிலிருந்தே நினைத்துப் பழகியவர்கள் நாம். 1931 மார்ச் 23 நம் நினைவில் நிற்கிறது. 1929 ஜூலை 10 நிற்பதில்லை. அன்றுதான் லாகூர் சதி வழக்கு மாஜிஸ்திரேட் பண்டிட் ஸ்ரீகிஷன் முன்பு தொடங்கியது. உண்ணாவிரதத்தில் இருந்த பகத்சிங்கை ஸ்ட்ரெச்சரில் வைத்துக் கொண்டுவந்தார்கள். அது தீர்ப்புச் சொல்லும் விசாரணை அன்று. வழக்கைச் செஷன்ஸ் நீதிமன்றத்துக்கு அனுப்பப் போதிய ஆதாரம் உண்டா என்று பார்க்கும் தொடக்க விசாரணை. நீதிமன்றப் பேச்சில் 'கமிட்டல்'.

இந்த ஏற்பாடு இங்கிலாந்திலிருந்து வந்தது. பதினாறாம் நூற்றாண்டில், மேரி அரசியின் காலத்துச் சட்டங்களின்படி, கைதியைக் கேள்விகளால் துருவி விடைகளை எழுதிவைப்பதே மாஜிஸ்திரேட்டின் வேலை. அவர் நடுவர் என்பதைவிடத் துப்பறிபவர் என்பதே பொருந்தும். 1848ஆம் ஆண்டுச் சட்டம்தான் நிலைமையைத் தலைகீழாக்கியது. சாட்சியம் கைதியின் முன்னிலையிலேயே பதிவாகவேண்டும். சாட்சியைக் கைதி கேள்வி கேட்கலாம். அவன் எதையும் சொல்லியாக வேண்டியதில்லை, சொன்னால் அது எழுதப்பட்டு அவனுக்கு எதிராகவே வரலாம் என்று முன்கூட்டி எச்சரிக்கவேண்டும்.

1898ஆம் ஆண்டின் இந்தியக் குற்றவியல் நடைமுறைச் சட்டம், பதினெட்டாம் அத்தியாயத்தில், இவற்றுட் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டது. குற்றம் சாட்டப்பட்டவர் வழக்கறிஞரை வைத்துக்கொள்ளலாம். அரசுத் தரப்புச் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யலாம். மாஜிஸ்திரேட் கேட்கும் கேள்விக்கு விடை சொல்ல மறுக்கலாம். மறுத்ததற்காகத் தண்டனை இல்லை. ஆதாரம் போதாதென்றால் அங்கேயே விடுதலை. ஆயினும் கைதேர்ந்த வக்கீல்கள் பலர் இந்தக் கட்டத்தில் வாய் திறக்கமாட்டார்கள். எதிர்த்தரப்பின் சீட்டுகள் முழுவதும் மேசைமேல் விரியட்டும், நம்முடையது செஷன்ஸ் வரை கையிலேயே இருக்கட்டும் என்பது அவர்கள் கணக்கு. கைதிக்கு இந்த விசாரணை தந்த பெரும் பயன் அதுதான்: தன்னைக் கொல்ல வருவது எது என்று முன்னதாகவே பார்த்துக்கொள்வது.

லாகூர்க் கைதிகளின் கணக்கு வேறு. சிலர் வழக்கறிஞரை அமர்த்திக்கொண்டார்கள். பகத்சிங் தமக்குச் சட்ட ஆலோசகர் ஒருவர் போதும் என்றார். வாதாடும் பொறுப்பை அவருக்குக் கொடுக்கவில்லை. வேறு சிலர் அந்த நீதிமன்றத்தையே ஏற்க மறுத்தார்கள். கூண்டை அவர்கள் மேடையாக்கினார்கள் என்பது உண்மை. ஆனால் உரிமைகளை அவர்கள் அலட்சியம் செய்தார்கள் என்று இதற்குப் பொருள் கொள்வது தவறு. அரசியல் கைதிகளுக்குரிய நடத்தை வேண்டும் என்ற உண்ணாவிரதமும், நீதிமன்றத்தில் எழுப்பிய ஒவ்வோர் ஆட்சேபமும் ஒரே போரின் இரு முனைகள். 1929 அக்டோபரில் அப்ரூவர் ஜெயகோபால் மீசையை முறுக்கிக்கொண்டு சாட்சிக்கூண்டில் ஏறினார். கைதிகளில் இளையவரான பிரேம்தத் செருப்பைக் கழற்றி வீசினார். அதன்பின் எல்லோருக்கும் கைவிலங்கு. அதுவும் ஒரு போராட்டமாயிற்று.

அரசுக்கு உண்மையான தலைவலி உண்ணாவிரதத்தால் வந்தது. கைதி எழுந்து வரமுடியாத நிலையில் சாட்சியத்தைப் பதிவுசெய்வது எப்படி? அவர் இல்லாமலே வழக்கை நடத்தலாம் என்று மத்திய சட்டசபையில் ஒரு மசோதாவை 1929 செப்டம்பரில் கொண்டுவந்தார்கள். 12ஆம் தேதி எதிர்த்துப் பேசத் தொடங்கிய ஜின்னா 14ஆம் தேதி பேச்சை முடித்தார். இடைப்பட்ட 13ஆம் தேதி, 63 நாள் உண்ணாவிரதத்துக்குப் பின், யதீந்திரநாத் தாஸ் சிறையில் இறந்தார். கைதி இல்லாத விசாரணை விசாரணையே அன்று, கேலிக்கூத்து என்பது ஜின்னாவின் வாதம். பிற்கால ஜின்னாவை மட்டும் அறிந்தவர்கள் அந்த உரையைத் தேடிப் படிக்கலாம். மசோதா நிறைவேறவில்லை.

சபையில் கிடைக்காததை வைஸ்ராய் இர்வின் 1930 மே 1 அன்று ஓர் அவசரச் சட்டத்தால் எடுத்துக்கொண்டார். முடியாமல் கிடந்த தொடக்க விசாரணை அப்படியே கைவிடப்பட்டது. மூன்று நீதிபதிகள் கொண்ட தீர்ப்பாயம் நேரடியாக வழக்கை நடத்தும். கைதிகள் வராவிட்டாலும் நடத்தும். அதன் தீர்ப்பின்மேல் உயர்நீதிமன்றத்தில் அப்பீல் கிடையாது. செஷன்ஸுக்கு அனுப்பப் போதிய ஆதாரம் உண்டா என்ற கேள்விக்கு விடையே வராமல் போயிற்று. கொலைக்குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு இருந்த ஒரு வாசலை அடைத்ததோடு, பின்வாசலையும் சேர்த்தே அடைத்தார்கள்.

மே 12ஆம் தேதி, நீதிமன்றத்திலேயே போலீஸார் கைதிகளை அடித்தார்கள். நீதிபதி ஆகா ஹைதர் அதில் தமக்குப் பங்கில்லை என்று எழுத்தில் பதிவுசெய்தார். அடுத்த மாதம் தீர்ப்பாயம் திருத்தியமைக்கப்பட்டபோது அவர் அதில் இல்லை. கைதிகள் நீதிமன்றம் வர மறுத்தார்கள். சாட்சியம் பெரும்பாலும் குறுக்கு விசாரணையின்றியே பதிவாயிற்று. அவசரச் சட்டத்தின் ஆயுள் ஆறே மாதம். 1930 அக்டோபர் 7 அன்று, அது காலாவதியாவதற்குச் சில வாரங்கள் முன்பாக, தீர்ப்பு வந்துவிட்டது. பகத்சிங், ராஜகுரு, சுகதேவ் மூவருக்கும் தூக்கு. அவசரச் சட்டம் செல்லாது என்ற மனுவை லண்டனில் பிரிவி கவுன்சில் 1931 பிப்ரவரியில் தள்ளியது.

சாட்சிகளை விசாரித்து வழக்கை மேலே அனுப்பும் பழைய கமிட்டல் முறையை, காலதாமதம் என்ற காரணம் சொல்லி, 1973ஆம் ஆண்டின் சட்டம் நீக்கியது. தாமதம் மெய்தான். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய நடைமுறைச் சட்டத்தின் 356ஆம் பிரிவு, தப்பியோடியவராக அறிவிக்கப்பட்டவரை அவர் இல்லாமலே விசாரிக்க இடம் தருகிறது. சிறையில் படுத்துக்கிடந்த யதீந்திரநாத் தாஸ் எங்கும் ஓடியவர் அல்லர்.