எர்லாங் சூத்திரம்

தொலைபேசி இணைப்பகத்துக்கு எத்தனை தடங்கள் போட வேண்டும் என்று கணக்கிடுவதற்கான சூத்திரம். டென்மார்க் கணிதவியலர் ஆக்னர் கிராரூப் எர்லாங் (1878–1929) 1917இல் வெளியிட்டது. தடங்கள் குறைந்தால் அழைப்பவருக்கு இணைப்பு கிடைக்காது. கூடினால் கம்பியில் போட்ட பணம் முடங்கும்.

எர்லாங் 1908இல் கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் சேர்ந்தார். அங்கே தலைமைப் பொறியாளராக இருந்த யென்சனும் கணிதக்காரர். அவர் பெயரிலேயே ஒரு சமனிலி உண்டு. இப்படிப்பட்ட மேலதிகாரி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஒன்றையொன்று சாராமல் வரும் அழைப்புகளின் எண்ணிக்கை பாய்சான் பரவலுக்கு உட்படும் என்று எர்லாங் 1909இல் காட்டினார்.

1917ஆம் ஆண்டுச் சூத்திரம் பொறியாளரிடம் அதிகம் கேட்பதில்லை. ஒவ்வொரு பேச்சும் எவ்வளவு நேரம் நீண்டது என்ற விவரம் வேண்டாம், சராசரி போதும். நெரிசலான ஒரு மணி நேரத்தில் 400 அழைப்புகள், சராசரி மூன்று நிமிடம் என்றால் சுமை, அதாவது ஒரே சமயத்தில் நடக்கும் பேச்சுகளின் சராசரி எண்ணிக்கை, 20. (இந்த அலகுக்கு 1946இல் எர்லாங்கின் பெயரையே சூட்டினார்கள்.) நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் அழைப்பு தவறக்கூடாது என்றால், 20 எர்லாங் சுமைக்கு 30 தடங்கள் தேவை. 2 எர்லாங்குக்கோ 7 தடங்கள். சுமை பத்து மடங்கு ஏறியும் தடங்கள் ஐந்து மடங்குகூட ஏறவில்லை. சிறு இணைப்பகங்களைச் சேர்த்துப் பெரிதாக்குவதில் உள்ள லாபம் இதில் வெளிப்படுகிறது. கணக்கையும் ஒவ்வொரு தடமாகக் கூட்டிக்கொண்டே கையால் போட்டுவிடலாம். அதை அட்டவணையாக அச்சிட்டபின், நிகழ்தகவு படிக்காதவர்களும் பயன்படுத்தினார்கள்.

இணைப்பு கிடைக்காதவர் மறுபடி அழைக்கமாட்டார் என்பது சூத்திரத்தின் அனுமானம். உண்மையில் பலர் அப்படி விட்டுவிடுவதில்லை. ஒரு வழி நிரம்பி மாற்று வழிக்கு வழியும் அழைப்புகளும் பாய்சானுக்கு அடங்காமல் கொத்துக்கொத்தாக வரும். பெல் ஆய்வகத்தின் வில்கின்சன் 1956இல் இந்த வழிதலுக்கு ஒரு தந்திரம் செய்தார்: அதே அளவு வழிதலைத் தரக்கூடிய கற்பனைச் சுமை ஒன்றைக் கண்டுபிடித்து, பழைய அட்டவணையிலேயே விடை பார்க்கச் செய்தார்.

கணினித் தரவு அந்தத் தந்திரத்துக்கும் மசியவில்லை. 1990களின் தொடக்கத்தில் லெலண்ட், டாக்கு, வில்லிங்கர், வில்சன் ஆகியோர் அமெரிக்கத் தொலைபேசி ஆய்வு நிறுவனமான பெல்கோரில் அளந்த ஈத்தர்நெட் போக்குவரத்தை ஆராய்ந்தார்கள். நொடிக்கணக்கில் பார்த்தாலும் மணிக்கணக்கில் பார்த்தாலும் ஏற்ற இறக்கம் ஒரே மாதிரி இருந்தது; சராசரி எடுத்தும் சமனாகவில்லை. ஃபின்லாந்தின் நோரோஸ் இதற்கும் மூன்றே எண்களில் அடங்கும் சூத்திரம் தந்தார். ஆனால் அவற்றில், ஏற்ற இறக்கம் எவ்வளவு நீடிக்கிறது என்று காட்டும் ஹர்ஸ்ட் எண்ணை நம்பிக்கையோடு அளப்பது கடினம். அதனால் இணைய நிறுவனங்கள் பெரும்பாலும் இணைப்பு குறிப்பிட்ட அளவுக்கு மேல் நிரம்பியதும் கொள்ளளவைக் கூட்டிவிடுகின்றன. எர்லாங்கின் மற்றொரு சூத்திரம், காத்திருப்போர் வரிசைக்கானது, கால் சென்டர்களில் எத்தனை பேரைப் பணியில் அமர்த்துவது என்று இன்றும் சொல்கிறது.