குளிர்சாதனப் பூஞ்சை

வீட்டு ஏசியின் உட்பகுதியில் வளரும் கிளாடோஸ்போரியம், பெனிசிலியம் போன்ற பூஞ்சைகளை இப்பெயர் குறிக்கும். குளிர்ந்த காயிலின் மீது காற்றின் ஈரம் நீராகப் படிகிறது; ஒட்டும் தூசி பூஞ்சைக்கு உணவாகிறது. பூஞ்சை வித்துகள் காற்றில் எங்கும் இருப்பவை, அவற்றை ஒழிக்க இயலாது. ஆகவே கட்டுப்படுத்த வேண்டியது ஈரத்தையே. ஃபில்டரை மட்டும் கழுவினால் போதாது. கறுப்புப் படலம் புளோயரிலும் வடிநீர்த் தட்டிலும் தங்கியிருக்கும். மின்சாரத்தைத் துண்டித்து அவற்றையும் சுத்தம் செய்து, வடிகுழாய் அடைப்பை நீக்க வேண்டும். அணைப்பதற்குமுன் விசிறியை மட்டும் சற்று ஓடவிட்டால் உட்புறம் உலரும். வாசனைத் தெளிப்பான் நாற்றத்தை மறைக்கும், அவ்வளவே.

ஏசிப் பூஞ்சையை நஞ்சாகக் கருதுவது மிகையான அச்சம் என்பாருக்கு ஓரளவு நியாயம் உண்டு. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் குழந்தைகளுக்கு ஏற்பட்ட நுரையீரல் இரத்தக்கசிவுக்குக் கறுப்புப் பூஞ்சையே காரணம் என்பது நிறுவப்படவில்லை என அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2000இல் அறிவித்தது. ‘கறுப்புப் பூஞ்சை’ என்ற பெயரில் 2021இல் இந்தியாவை அச்சுறுத்திய மியூகோர்மைகோசிஸ் நோயும் வேறு பூஞ்சைகளால் வருவது. ஆனால் நஞ்சு என நிறுவப்படவில்லை என்பதால் தீங்கே இல்லை என்றாகாது: ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் இருமல், மூச்சிரைப்பு, ஆஸ்துமாத் தொல்லை மிகுவதை உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டுதல் எடுத்துக்காட்டுகிறது. ஆஸ்துமா நோயாளிகளுக்கும் நோயெதிர்ப்பு குன்றியவர்களுக்கும் இது வெறும் நாற்றப் பிரச்சினை அல்ல.