காட்டுக்கொரண்டியும் சிங்கம்பட்டி ஜமீன் காடும்

திருநெல்வேலி மாவட்டத்தில், அகத்தியமலைத் தொடரின் ஈரம் மிகுந்த காடுகளில் வளரும் காட்டுக்கொரண்டி, நாவலும் கொய்யாவும் அடங்கிய மிர்ட்டேசி என்னும் தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சென்னை மாகாண வனத்துறைக்குத் தலைமை வகித்த ரிச்சர்டு ஹென்றி பெட்டோம் இதனை அறிவியல் உலகுக்கு விவரித்து, அந்தக் காட்டை உடைமையாகக் கொண்டிருந்த ஜமீனின் பெயராலேயே யூஜீனியா சிங்கம்பட்டியானா எனப் பெயரிட்டார். அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே அம்மலையில் வாழும் காணி மக்கள் இதன் மருத்துவப் பயனை அறிந்திருந்தனர்.

சில மாத மழையைத் தேக்கி ஏரிப்பாசனம் செய்யும் ஊர்களிலிருந்து நோக்கினால் இம்மலையின் இயல்பு வியப்பளிக்கும். தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளையும் பெறும், இம்மலையிலுள்ள நாலுமுக்கும் ஊத்தும் தமிழ்நாட்டில் மிக அதிக மழை பெறும் இடங்களுள் அடங்கும். வெடிப்பலா முதலிய நெடுமரங்களின் கிளைகள் மேலே ஒன்றோடொன்று கூடிக் கூரையாகி, வெயிலைத் தடுத்து ஈரத்தைக் காப்பதால், நிழலில் மட்டுமே தழைக்கும் சிறுமரங்கள் அதன் கீழ் அடுக்காக வளர்கின்றன. இவ்வடுக்குகள் சேர்ந்ததே மழைக்காடு.

1929இல் சிங்கம்பட்டி ஜமீன் ஏறத்தாழ 8,370 ஏக்கர் காட்டை, பர்மாத் தேக்கு வணிகத்துக்காக 1863இல் தோன்றிய பம்பாய் பர்மா வணிகக் கழகத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி ஆகிய இடங்களில் காடு திருத்தப்பட்டுத் தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன. நெடுமரம் வீழ்ந்த இடத்தில் வெயில் இறங்கி மண் உலர்வதோடு, எஞ்சிய காடு துண்டுகளாகப் பிரிந்து, பழந்தின்னும் பறவையும் விலங்கும் விதையைக் கொண்டுசேர்க்கும் வழிகளும் குறைகின்றன. பரந்து வாழும் மரமினம் இதனைத் தாங்கக்கூடும். காட்டுக்கொரண்டியைப் போல ஒரு மலைத்தொடரை மட்டுமே வாழிடமாகக் கொண்ட இனத்துக்கு அந்த வாய்ப்பில்லை.

1952இல் ஜமீன் அரசுவசமான பின்னும் குத்தகை நீடித்தது. 1988இல் இப்பகுதியில் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் அமைந்தது. 1998இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் காட்டுக்கொரண்டியை, அழிவின் விளிம்பிலுள்ள இனங்களைக் குறிக்கும் மிகு அருகிய வகையில் சேர்த்தது. ஜமீன் காடு 2018இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2028இல் குத்தகை முடியவிருந்த நிலையில், 2024இல் தோட்ட நிறுவனம் தன் பணிகளை நிறுத்திக்கொள்ள முனைந்தது.

தேயிலையை அகற்றிவிட்டு விரைவில் வளரும் அயல்மரங்களை நடுவது மீட்பாகாது. காட்டுக்கொரண்டி உள்ளிட்ட அம்மலைக்கே உரிய மரங்களின் விதைகளைத் திரட்டி, நாற்றாக்கி, நிழலுள்ள ஓரங்களில் நட்டுப் பல்லாண்டு பேணுவதும், தலைமுறைகளாக அங்கே உழைத்த தொழிலாளர்களுக்கு உரிய வீடும் வாழ்வாதாரமும் அளிப்பதும் அரசு ஒருசேர ஏற்கவேண்டிய கடமைகளாகும்.